கண்மாயில் விரால் தூண்டில்: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

போன மார்கழியில் அக்கா மகன் டொரண்டோவிலிருந்து வந்திருந்தான். பெட்டி நிறைய பளபளவென்று ஸ்பூன்கள். ஒண்டாரியோ ஏரியில் சால்மனும் டிரவுட்டும் பிடிக்கப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற தகடுகள். காரைக்குடிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊர்க் கண்மாயில் மூன்று நாள் விடியற்காலையிலேயே போய் எறிந்தான். ஒன்றும் சிக்கவில்லை. "மாமா, இந்தக் கண்மாயில மீனே இல்ல" என்றான். நான்காம் நாள் வெயில் ஏறி எட்டு மணிக்கு அவனைக் கலுங்குப் பக்கம் கூட்டிப்போய், தூண்டிலைக் கீழே வைக்கச் சொல்லி, பேசாமல் உட்காரவைத்தேன். ஒரு மணி நேரத்தில் 11 தடவை விரால் மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போனது. எண்ணிச் சொன்னதும் அவன்தான்.

அவன்மேல் தப்பில்லை. அவன் பழகிய ஏரி வேறு. ஒண்டாரியோ ஏரியின் அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். கோடையில் மேல்தண்ணீர் சூடேறி, அடியில் குளிர்ந்த தண்ணீர் தனி அடுக்காக நிற்கும். சினூக் சால்மன் பெரும்பாலும் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் இருக்கிற மட்டத்தைத் தேடிப் போய்விடும். கம்பிவடத்தில் கனமான ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, ஸ்பூனை அந்த மட்டத்தில் நிறுத்தி, படகை மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி இழுப்பதுதான் அங்கே வித்தை. நம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிற நாளிலும், மடைப் பள்ளத்தை விட்டால் பெரும்பாலான இடங்களில் இரண்டு ஆள் ஆழம் இருக்காது. இங்கே ஆழத்தைத் தேட வேண்டியதில்லை. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் இருக்கிற காற்றறையை நிரப்ப அது மேலே வந்தே தீரும். வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். கீழே எழுதியிருக்கிற கோளாறுகளில் பல இந்த மூச்சைக் கவனிக்காததால் வருபவை. கடையில் போய் இன்னொரு லூர் (செயற்கை இரை) வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

போவதற்கு முன்னால் கேட்டுவிட்டுப் போங்கள். நம் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் சரி என்றால்தான் தூண்டில். மீன்பிடித் திருவிழாவுக்கென்று விட்டுவைத்த கண்மாய் என்றால் தொடவே கூடாது. ஊத்தா, கச்சா, பரி எல்லாம் தூக்கிக்கொண்டு ஊரே ஒன்றாக இறங்குகிற நாளுக்காகக் காத்திருக்கிற மீன் அது. முந்திக்கொண்டு போய்ப் பிடிப்பது, கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு முன்பே பந்தியில் உட்காருவது மாதிரி. குடிதண்ணீர் ஊரணிகளிலும் வேண்டாம். வேட்டங்குடி சரணாலயத்தைச் சேர்ந்த கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். அவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள் அவர்கள். அந்தப் பக்கம் தூண்டிலை வண்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.

நான் வைத்திருப்பது: ஆறரை அடி ராடு, 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 40 பவுண்டு தாங்குகிற பிரெய்டு (பின்னல்) நரம்பு, உள்ளே கூடாக இருக்கிற ரப்பர் தவளை இரண்டு, ஒரு மூக்குக் குறடு. உயிர்த் தவளையைக் கோர்த்துப் போடுவது எங்கள் பக்கம் பழைய வழக்கம்தான். நான் விட்டுவிட்டேன். வயலில் பூச்சி தின்கிற உயிர் அது, ரப்பர் தவளையே போதுமான அளவு மீன் தருகிறது.

"காலையிலிருந்து எறிகிறேன், ஒரு அசைவும் இல்லை"

முதலில் நேரத்தைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் விடியலிலிருந்து எட்டு மணி வரை, அப்புறம் சாயங்காலம் ஐந்துக்கு மேல். மார்கழி, தையில் இது தலைகீழ். பனி இறங்கிய தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த தண்ணீரில் விரால் மந்தமாகிவிடும், மூச்சுக்கு வருவதும் குறையும். எட்டு மணிக்கு மேல் வெயில் பட்டு ஓரத் தண்ணீர் வெதுவெதுப்பான பிறகுதான் அசையும். அக்கா மகன் மூன்று நாளும் ஐந்தரைக்குப் போய் ஏழரைக்குத் திரும்பியிருக்கிறான்.

அடுத்தது இடம். நடுக் கண்மாயில் எவ்வளவு தூரம் எறிந்தாலும் பெரிய பலன் இருக்காது. தாமரை இலைக் கூட்டம் முடிகிற ஓரம், கோரைக்கும் தெளிந்த தண்ணீருக்கும் நடுவே இருக்கிற விளிம்பு, தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரத்தடி, மடைக்கல் நிழல், இவைதான் விரால் நிற்கிற இடங்கள். மழை பெய்து வரத்துக்காலில் புதுத்தண்ணீர் இறங்குகிற நாளில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரத்துக்கால் வாய்க்குப் போங்கள். புதுத்தண்ணீர் வருகிற திசையை எதிர்த்து மீன் ஏறும். அப்போது தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும், விராலுக்குக் கண் தெரியாது. கறுப்புத் தவளையைக் கட்டி, சாதாரணமாக இழுப்பதில் பாதி வேகத்தில் தத்தித் தத்தி இழுங்கள். அது அதிர்வைப் பிடித்துக்கொண்டு வரும்.

மூன்றாவது உங்கள் கால். கரைமேட்டில் நடக்கிற அதிர்வு தண்ணீருக்குள் இறங்கும். மேட்டில் நிமிர்ந்து நின்றால் உங்கள் உருவம் வானத்தை மறைத்துக்கொண்டு மீனுக்குத் தெரியும். நிழல் பின்னால் விழுகிற மாதிரி நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் எறியாமல் தண்ணீரை மட்டும் பாருங்கள். ஒரு தடவைகூட மூச்சு வட்டம் விழவில்லை என்றால் இடம் மாறுங்கள். லூரின் நிறத்தைப் பற்றி இதற்கெல்லாம் அப்புறம் யோசித்தால் போதும்.

"மேலே வந்து வந்து போகிறது, தவளையைத் தொட மாட்டேன் என்கிறது"

மேலே வருவதில் இரண்டு வகை. மூச்சுக்கு வருவது 'ப்ளுக்' என்று சின்னச் சத்தம், ஒரே வட்டம், ஒன்றிரண்டு குமிழி. இரைக்கு வருவது 'சளார்' என்று கேட்கும். குஞ்சு மீன்கள் தெறிக்கும், தாமரை இலை ஆடும். இரைக்கு வருவதன்மேல் உடனே எறியலாம். மூச்சுக்கு வருவதன்மேல் அப்படி எறிந்தால் காரியம் கெட்டது. கழுத்தை நீட்டி மேலே வந்த நேரத்தில் தலையில் ஒன்று விழுந்தால் எந்த உயிரும் மிரண்டுதான் ஓடும்.

வட்டம் விழுந்த இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி எறியுங்கள். அலை அடங்கும் வரை தவளை சும்மா கிடக்கட்டும். அப்புறம் அந்த இடத்தின் மேலாக மெதுவாகக் கொண்டுவாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப எறிந்து அடிக்காதீர்கள். சில நிமிடங்களில் அது மறுபடியும் மூச்சுக்கு வரும். முதல் வட்டத்துக்கும் இரண்டாவது வட்டத்துக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த எறி அதன் முன்பக்கம் விழ வேண்டும்.

"பளாரென்று அடிக்கிறது, இழுத்தால் வெறும் தவளை வருகிறது"

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான். காரணம் ஒன்றல்ல. தவளையைக் கையில் எடுத்துப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும்.

தவளையில் பல் தடமே இல்லையா? நீங்கள் சீக்கிரம் சுண்டிவிட்டீர்கள். தண்ணீர் வெடிக்கிற சத்தம் கேட்டதும் கை தானாக மேலே போகிறது. மீன் வாயை மூடுவதற்குள் தவளை பறந்து வந்துவிடுகிறது. அடி விழுந்ததும் ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். ஒண்ணு, ரெண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே தொய்வைச் சுற்றி எடுங்கள். மீனின் கனம் கையில் தட்டுப்படும். அப்போது ஒரே வெட்டாக மேல்நோக்கி இழுங்கள், பயந்து பயந்து அல்ல. கண்ணுக்குத் தெரிந்ததற்கு இழுக்காமல் கைக்குத் தெரிந்ததற்கு இழுக்க வேண்டும். அக்கா மகனுக்கு இது கைவர இரண்டு நாள் ஆயிற்று. படகில் ராடு தாங்கியில் செருகியிருக்கும்; ஓடுகிற படகே மீன் வாயில் முள்ளை ஏற்றிவிடும். கை காத்திருக்கப் பழக அங்கே வாய்ப்பில்லை.

பல் தடம் கால் ரப்பர் மேல் மட்டும் இருந்தால் மீன் வாலைத்தான் கவ்வியிருக்கிறது. கத்தரிக்கோலால் காலைப் பாதியாக வெட்டிவிடுங்கள். உடம்பெல்லாம் தடம் இருந்தும் சிக்கவில்லை என்றால் கோளாறு முள்ளில். இரண்டு முள்ளும் ரப்பரோடு ஒட்டி ஒளிந்திருக்கும். குறடால் துளி வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள், அதிகம் விரித்தால் பாசி அள்ளும். முள் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். நகத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் அரத்தால் தீட்டுங்கள். ரப்பர் கெட்டியாக இருந்தாலும் இதே கதைதான். வாங்கும்போதே இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள், முள் வெளியே தெரியாத தவளை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நுணுக்கு நுணுக்காகப் பல் தடம், அடியும் சின்னதாக இருந்ததா? அது குறவையாக இருக்கலாம், இல்லை விரால் குட்டியாக இருக்கலாம். அதன் வாய்க்கு இந்தத் தவளை பெரிது. விட்டுவிட்டு நகருங்கள்.

தவளையில் ஒரு குறையும் இல்லை, கையும் நிதானமாகத்தான் இருந்தது என்றால் நரம்பைப் பாருங்கள். சாதா நைலான் நரம்பு ரப்பர் மாதிரி நீளும். 25 மீட்டர் தள்ளி அடித்த மீனுக்கு நீங்கள் இழுத்ததில் பாதிகூடப் போய்ச் சேராது. பிரெய்டுக்கு மாறுங்கள். ஆடிக் காற்றில் பிரெய்டும் வில் மாதிரி வளைந்து கிடக்கும். காற்று முதுகில் படுகிற கரைக்குப் போய்விட்டால் நரம்பு நேராக இருக்கும்.

தவறவிட்டவுடன் தவளையைச் சுருட்டி எடுத்துவிடாதீர்கள். அது அங்கேயே செத்த மாதிரி கிடக்கட்டும். பத்து எண்ணி, ஒரு சின்ன அசைவு கொடுங்கள். பசித்த விரால் திரும்பி வரும். எனக்குக் கிடைத்த பெரிய மீன்களில் நிறைய இரண்டாவது அடியில் வந்தவை.

"ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டுகிறது, கவ்வவில்லை"

இங்கே கோளாறு ஒன்றுமில்லை, எறிவதை நிறுத்துங்கள். பக்கத்தில் தண்ணீர் மேல் பாருங்கள். சிவப்பும் ஆரஞ்சுமாக ஒரு கூட்டம் கொப்பளித்துக்கொண்டு, ஒன்றாகவே மேலே வந்து ஒன்றாகவே இறங்கும். மழை தூறுகிற மாதிரி தண்ணீர் அந்த ஓர் இடத்தில் மட்டும் சிலிர்க்கும். அவை விரால் குஞ்சுகள். அவையும் மூச்சுக்குத்தான் வருகின்றன. அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கிறது. உங்கள் தவளையை அது இரை என்று அடிக்கவில்லை. குஞ்சை விட்டு விலகிப் போ என்று துரத்துகிறது.

இந்த நேரத்தில் விராலைப் பிடிப்பது மிகச் சுலபம், குஞ்சுக்கூட்டத்தின் நடுவில் எறிந்தால் போதும். அதனாலேயே கூடாது. காவல் போனால் கெளுத்தியும் கெண்டையும் நீர்க்காகமும் அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீன் குழம்புக்கு வரும், வருகிற வருடத்துக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான குஞ்சுகள் போய்விடும். மழைக்காலத்தில் இது அதிகம், ஆனால் மற்ற மாதங்களிலும் பார்த்திருக்கிறேன். தெரியாமல் சிக்கிவிட்டால் முள்ளை எடுத்து, பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள். இந்த விஷயத்தில் என்னோடு வருகிறவர்கள் யாருக்கும் நான் சலுகை கொடுப்பதில்லை.

"சிக்கியது, தாமரைக்குள் போய் அறுத்துக்கொண்டது"

முதல் மூன்று விநாடிதான் எல்லாம். முள் ஏறியதும் தலையை மேலே தூக்கிவிட வேண்டும். தலை தண்ணீருக்கு மேல் வந்த விரால் இலைமேல் சறுக்கிக்கொண்டு வந்துவிடும். ரீலில் நரம்பு எவ்வளவு இறுக்கமாகப் போக வேண்டும் என்று வைக்கிற டிராக்கைத் தளர்த்தி விளையாட்டுக் காட்டுவது திறந்த தண்ணீருக்குச் சரி, தாமரைக்கு இல்லை. நன்றாக இறுக்கி வையுங்கள்.

அறுந்த நுனியைத் தூக்கி எறியாமல் பாருங்கள். நுனி பஞ்சு மாதிரி பிரிந்திருந்தால் கருவேல முள்ளிலோ மடைக்கல்லிலோ உரசியிருக்கிறது. ஒவ்வொரு மீனுக்கும் அப்புறம் கடைசி ஒரு மீட்டர் நரம்பை நகத்தில் உருவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிடுங்கள். நுனி நெளிநெளியாகச் சுருண்டு வந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. பிரெய்டு வழவழப்பானது, சாதாரண முடிச்சு நிற்காது. நரம்பை இரட்டையாக வளையத்தில் நுழைத்துப் போடுகிற பாலமர் முடிச்சு போடுங்கள், எச்சிலில் நனைத்து இறுக்குங்கள்.

மீன் தாமரைத் தண்டில் சுற்றிக்கொண்டு நின்றால் நரம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, கரையோரமாக நடந்து வேறு கோணத்திலிருந்து இழுத்துப் பாருங்கள். எடுப்பதற்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள். மண் அள்ளிய குழிகள் கண்மாய்க்குள் கிடக்கின்றன. முழங்கால் தண்ணீரில் அடுத்த அடி வைத்தால் தலைக்கு மேல் போகும். எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் நரம்பை வெட்டிவிட்டு வாருங்கள்.

"கைப்பிடி சுற்றுகிறது, நரம்பு வரவில்லை" / "நரம்பு கூடு கட்டுகிறது"

முதலாவதில் எல்லோரும் டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைக் கழற்றுவார்கள். கழற்றுவதற்கு முன், நரம்பு சுற்றியிருக்கிற ஸ்பூலைக் கையால் பிடித்துக்கொண்டு நரம்பை இழுங்கள். மொத்த நரம்பும் ஸ்பூல்மேல் வழுக்கிச் சுற்றினால் டிராக்கில் குறையில்லை. பிரெய்டை நேராக வழவழப்பான ஸ்பூலில் சுற்றியதுதான் தப்பு. எல்லாவற்றையும் உருவிவிட்டு, அடியில் பத்து மீட்டர் நைலான் நரம்பு சுற்றி அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள்.

கூடு கட்டுவதற்குப் பெரும்பாலும் ஸ்பூல் வாய் வரை நரம்பை அடைத்ததுதான் காரணம். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். எறிந்ததும் பெயில் என்கிற கம்பி வளையத்தைக் கையால் மூடி, நரம்பை ஒரு தரம் விறைப்பாக இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். சுழல்கிற தகடு வைத்த ஸ்பின்னர் போட்டதால் ஏறிய முறுக்கு என்றால் லூரைக் கழற்றிவிட்டு, நரம்பைக் கரைமேல் நீளமாக விட்டு இழுத்துக்கொண்டே நடந்தால் பிரிந்துவிடும். அடுத்த முறை முறுக்கு ஏறாமல் சுழல்கிற ஸ்விவல் இணைப்பு போடுங்கள்.

"தவளை மூழ்குகிறது"

முள் தண்டு நுழைகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. பிழிந்துவிட்டுப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காயவைத்து, ஓட்டையைச் சுற்றி ஒரு சொட்டுப் பசை.

"ஸ்பூன் போட்டால் பாசிதான் வருகிறது"

மூன்று முள் தொங்குகிற ஸ்பூன் வேலம்பாசிக்குள் வேறு எதைக் கொண்டுவரும்? அக்கா மகன் கொண்டுவந்த ஸ்பூன்களில் மூன்று முள்ளைக் கழற்றிவிட்டு, ஒற்றை முள்ளை வளையத்தில் மாட்டினோம். பாசி இல்லாத இடமாக மடைக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தைப் பிடித்தோம். அவனுக்குப் படகில் இழுத்த பழக்கம். மணிக்கு நாலு கிலோமீட்டர் என்பது நாம் சாதாரணமாக நடக்கிற வேகம்தானே. ஸ்பூனைப் பக்கவாட்டில் எறிந்துவிட்டு, ரீலைச் சுற்றாமல் மடையிலிருந்து கரையோரமாக அறுபது எழுபது அடி நடந்தான். இரண்டாவது நடையில் ஒன்றேகால் கிலோ விரால். அந்த நடை கரை சுத்தமாக இருக்கிற இடத்துக்கு மட்டும்தான். கோரை வளர்ந்த பக்கம் தவளையை விட்டால் வழியில்லை. கரைப் புல்லில் விரியன் கிடக்கும், கீழே பார்த்து நடங்கள்.

"பெரிய பெரிய மீன் புரள்கிறது, எந்த லூரையும் எடுக்கவில்லை"

கட்லாவோ ரோகுவோ இருக்கும், குத்தகைக்காரர் விட்ட குஞ்சுகள் வளர்ந்தவை. கட்லா தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன். தவளையும் தகடும் அதற்கு இரையே அல்ல. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து உருண்டை பிடித்து, தக்கைத் தூண்டிலில் போட வேண்டும். அது வேறு பொறுமை கேட்கிற வேலை. காசு போட்டு வளர்த்த மீன் என்பதால் குத்தகைக்காரரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வதும் முறை.

"கனமாக வருகிறது, உதறலே இல்லை"

மண்புழுவோ மீன்துண்டோ போட்டிருந்தால் பெரும்பாலும் பால் ஆமைதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். முரட்டுத்தனமாக இழுக்காமல் ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியால் முதுகோட்டைப் பிடித்து, குறடால் முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள். முள் உள்ளே போயிருந்தால் நோண்டாமல் நரம்பை வாயோரமாக வெட்டுங்கள்.

"முள் குத்தி, கை கடுத்து எரிகிறது"

விராலுக்கு விஷமுள் இல்லை. தேளியோ கெளுத்தியோ குத்தியிருக்கிறது. செவுளுக்குப் பக்கத்துச் சிறகில் இருக்கிற முள். தேளி குத்தினால் வலி தோள் வரை ஏறும். கழுவிவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள், ஆற ஆறச் சூடு சேருங்கள். தோல் வெந்துவிடக் கூடாது, நல்ல கையால் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உடைந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, மூச்சு திணறினாலோ ஆஸ்பத்திரிதான்.

"குழம்பில் மண் வாசம் அடிக்கிறது"

தண்ணீர் வற்றிய சித்திரை மாதத்து மீனில் இது வரும். சமைத்தவர்மேல் பழி போடாதீர்கள். கண்மாயில் இருக்கிற சில பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்கிற பொருள் மீனின் சதையில் சேர்ந்துவிடுகிறது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து வருகிற வாசத்திலும் அதே பொருள்தான் இருக்கிறது. புளிப்புப் பட்டால் அது சிதையும். அப்பத்தா இதற்குப் பேர் தெரியாமலே சரியாகச் செய்வார். விரால் மூச்சுக் குடிக்கிற மீனாயிற்றே, ஈரச் சாக்கில் உயிரோடு வீடு வந்து சேரும். அதை அடிக்காமல், நல்ல தண்ணீர் ஊற்றிய பெரிய அண்டாவில் விட்டு, மேலே கொஞ்சம் இடம் காலியாக வைத்து, தட்டால் மூடி அதன்மேல் அம்மிக்குழவியை ஏற்றிவிடுவார். இல்லாவிட்டால் ராத்திரி துள்ளி முற்றத்துக்குப் போய்விடும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி வைப்பார். அப்புறம் அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் போட்டு, வழுவழுப்பு போகிற வரை கல்லில் உரசிக் கழுவி, துண்டு போட்டு, புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைப்பார். அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு, குழம்புக்கு வேறு புளி கரைப்பார்.